விலை குறைந்த ஸ்ப்ரே கன்: வாங்கும் முன் கம்ப்ரஸரைப் பாருங்க

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன தடவை சாண்டிங் சீலர் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறையப் பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கீங்க. "ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள மர பாலிஷ் அடிக்க எந்த ஸ்ப்ரே கன் வாங்கலாம்?"

ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டு எபிசோடை முடிச்சுடலாம். ஆனா அப்படி ஒருத்தர் சொன்ன பேரை நம்பி வாங்கித்தான் நான் மூணு தேக்குக் கதவைக் கெடுத்தேன். அதனால முதல்ல அந்தக் கதையைச் சொல்லிடறேன். கன் எப்படித் தேர்ந்தெடுக்கிறதுங்கிறது அந்தக் கதையிலேயே இருக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் கதவுகள்

எனக்கு ராஜபாளையம். சின்னப் பட்டறைதான். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைச்சு, பஞ்சைத் துணியில பொதிஞ்சு, கையால தேய்ச்சுத் தேய்ச்சு பாலிஷ் ஏத்துறதுதான் நான் முதல்ல கத்துக்கிட்ட வேலை. சில வருஷத்துக்கு முன்னாடி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீச்சரம்மா புது வீடு கட்டினாங்க. எட்டு தேக்குக் கதவு. ஆவணியில கிரகப்பிரவேசம். ஆடியில யாரும் குடி போறதில்லையே, அதனால அந்த மாசம் முழுக்க எங்களுக்கு வேலை இருக்கும். ஊரே ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குத் தயாராகிட்டு இருக்கும்போது நான் அந்த வீட்டு மாடியில கதவைக் கிடத்தி உப்புத்தாள் போட்டுட்டு இருந்தேன்.

அவங்க கேட்டது என்.சி. லாக்கர். கண்ணாடி மாதிரி இருக்கணும்னாங்க. அதுக்குக் கை பத்தாது, ஸ்ப்ரே வேணும். என்கிட்ட ஏற்கனவே ஒரு கம்ப்ரஸர் இருந்தது. 1 எச்.பி. மோட்டார், 50 லிட்டர் டேங்க். தூசி ஊதவும் ஆணி அடிக்கிற கன்னுக்கும் வாங்கினது. கன் மட்டும் புதுசா வாங்கினேன். "எச்.வி.எல்.பி. வாங்குப்பா, மெட்டீரியல் மிச்சமாகும்"னு ஒருத்தர் சொன்னார். வாங்கிட்டேன்.

முதல் கதவு அடிச்சேன். இடது பக்கம் சப்பட்டை மாம்பழத் தோல் மாதிரி வழவழன்னு வந்தது. வலது பக்கம் கடைசி ஒரு சாண் அகலம் மட்டும் சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியா நின்னது. ரெண்டாவது கதவு அதைவிட மோசம். மூணாவதும் அப்படியே.

சாயங்காலம் டீச்சரம்மா வந்து தடவிப் பார்த்தாங்க. "தம்பி, இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்படி சொரசொரன்னு இருக்கு?"

"ஆடிக் காத்து டீச்சர். தூசி வந்து ஒட்டிக்குது"ன்னு சொல்லிட்டேன். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. எங்க பக்கம் செங்கோட்டை வழியா வர்ற காத்து சும்மா இருக்காது. அதனால அவங்க நம்பிட்டாங்க. உண்மையைச் சொன்னா, நானும் அதைத்தான் நம்பினேன்.

மறுநாள் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த ஆசாரி அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்த இடத்துல கெட்டிருக்கு?"

"மூணு கதவுலயும் கடைசியா அடிச்ச பக்கம்ணே."

"தூசி உனக்குக் கணக்குப் பார்த்தா விழும்? விழுந்தா கதவு பூராவும் விழும். கடைசியில மட்டும் கெடுதுன்னா, கடைசியில ஏதோ தீர்ந்து போகுது. என்ன தீருதுன்னு பாரு."

தீர்ந்தது காத்து. வெளிய அம்மி பறக்கிற அளவுக்குக் காத்து அடிச்சுது. என் டேங்குக்குள்ள இல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. கன் வாங்குறதுல பாதி விஷயம் இதுதான்.

நம்ம ஊர்ல பிரஷரை "கிலோ"ன்னுதான் சொல்வோம். 50 லிட்டர் டேங்க்ல 8 கிலோ பிரஷர் நிரப்பியிருக்கேன்னு வைங்க. பிரஷர் ஒவ்வொரு கிலோ இறங்கும்போதும் டேங்கிலிருந்து கிட்டத்தட்ட 50 லிட்டர் காத்து வெளிய வரும். 8-லிருந்து 6-க்கு இறங்கினா 100 லிட்டர். 6-லிருந்து 3-க்கு இறங்கினா இன்னும் 150 லிட்டர். 3-க்குக் கீழே போனா என் கன் சரியாத் தெளிக்காது.

இப்ப கன் எவ்வளவு குடிக்கும்? அட்டைப் பெட்டியில சின்ன எழுத்துல போட்டிருந்தது: 8 முதல் 12 சி.எஃப்.எம். அதாவது நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்து வேணும்ங்கிற அளவு. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். நடுவுல 10-ன்னு வைச்சாக்கூட நிமிஷத்துக்கு 283 லிட்டர்.

என் 1 எச்.பி. கம்ப்ரஸர் எவ்வளவு தரும்? பொதுவா ஒரு எச்.பி.-க்கு 4 சி.எஃப்.எம்.-னு சொல்வாங்க. ஆனா அது பிஸ்டன் ஓடுற கொள்ளளவு. உண்மையில வெளிய வர்றது அதுல மூணுல ரெண்டு பங்குதான் தேறும். நிமிஷத்துக்கு 75 லிட்டர்னு வைங்க.

டேங்க் 8-லிருந்து 6-க்கு இறங்குற வரைக்கும் மோட்டார் ஓடாது, அதுக்குக் கீழ வந்தாத்தான் ஓட ஆரம்பிக்கும். முதல் 100 லிட்டர் 21 விநாடியில காலி. அடுத்த 150 லிட்டருக்கு மோட்டாரும் கூடவே காத்து கொடுக்குது, ஆனாலும் 43 விநாடியில காலி. மொத்தம் 64 விநாடி.

இப்ப கதவுக்கு வாங்க. 7 அடி உயரம், 3 அடி அகலம். கன்னிலிருந்து 8 அங்குல அகலத்துக்கு விசிறி வருது. ஒவ்வொரு ஓட்டத்தையும் முந்தினது மேல பாதி ஏத்தி அடிக்கணும், அப்ப ஒரு தடவைக்கு 4 அங்குலம்தான் நகருவோம். 36 அங்குலத்துக்கு 9 ஓட்டம். 9 தடவை 7 அடி, 63 அடி. விநாடிக்கு ஒரு அடி வேகத்துல கை போனா 63 விநாடி. அதோட நாலு விளிம்பையும் முதல்லயே அடிச்சுட்டு வந்திருக்கேன்.

அதனாலதான் கடைசி ஒரு சாண். என் கையிலயும் தப்பில்லை, கன்லயும் தப்பில்லை, லாக்கர்லயும் தப்பில்லை. அந்தக் கன்னுக்கு அந்தக் கம்ப்ரஸர் பத்தாது, அவ்வளவுதான்.

பெரிய டேங்க் வாங்கினா சரியாகிடுமான்னு கேப்பீங்க. டேங்க் காத்தைச் சேர்த்து வைக்கும், உண்டாக்காது. 100 லிட்டர் டேங்க் இருந்தா முதல் கதவு தப்பிக்கும். அப்புறம் நிரம்பற வரைக்கும் பொறுமையா உட்கார்ந்திருக்கணும்.

எந்த வகை யாருக்கு?

இந்தக் கருவி எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா வகைகள் புரியும். 1880-களின் கடைசியில அமெரிக்காவின் டொலிடோ நகரத்துல ஆலன் டெவில்பிஸ்னு ஒரு மருத்துவர், நோயாளிகளோட தொண்டையில மருந்து தெளிக்க ஒரு தெளிப்பான் செஞ்சார். அவர் மகன் தாமஸ் அதே தத்துவத்தை அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துல பெயிண்டுக்குக் கொண்டு வந்தார். காத்து வேகமா வந்து திரவத்தைப் பொடிப்பொடியா உடைக்கும், அவ்வளவுதான் தத்துவம். எவ்வளவு காத்தால உடைக்கிறோம், எவ்வளவு அழுத்தத்தால உடைக்கிறோம்ங்கிறதுலதான் வகைகள் பிரியுது.

பழைய வகை, சாதாரண கன். அழுத்தம் அதிகம். நல்லாப் பொடியாக்கும், ஆனா வேகத்துல நிறைய மெட்டீரியல் மரத்துல பட்டுத் திரும்பிப் பறந்துடும். பட்டறை முழுக்க மூட்டம்.

எச்.வி.எல்.பி. காத்தோட அளவு அதிகம், அழுத்தம் குறைவு. முன்னாடி இருக்கிற ஏர் கேப்ல 10 பி.எஸ்.ஐ.-க்கு மேல போகக்கூடாது. தெளிக்கிறதுல குறைஞ்சது 65 சதவீதமாவது பொருள் மேல ஒட்டணும்னு கலிஃபோர்னியாவின் தென்கடற்கரைப் பகுதியில காத்து மாசு விதிகள் வந்த பிறகு இந்த வகை பரவிச்சு. மெட்டீரியல் மிச்சமாகும்னு சொன்னவர் பொய் சொல்லல. அதுக்கு 3 எச்.பி.-யாவது வேணும்னு சொல்லாம விட்டுட்டார்.

எல்.வி.எல்.பி. காத்தும் குறைவு, அழுத்தமும் குறைவு. 4, 5 சி.எஃப்.எம். போதும். விசிறி கொஞ்சம் சின்னதா வரும், வேலை கொஞ்சம் மெதுவா நடக்கும். இதை என் பழைய கணக்குல போட்டுப் பாருங்க: நாலரை சி.எஃப்.எம்.-னா அதே 1 எச்.பி., அதே 50 லிட்டர், கிட்டத்தட்ட மூன்றரை நிமிஷம் தாங்கும். விசிறி 6 அங்குலமா குறைஞ்சாலும் ஒரு கதவுக்கு ஒன்றரை நிமிஷம்தான். தாராளம்.

கம்ப்ரஸரே வேண்டாம், கரண்டுல நேராச் செருகுற கன் இருக்கேன்னு சிலர் கேட்டிருக்கீங்க. தண்ணி கலக்குற பூச்சுக்கு, வேலிக்கு, கிரில்லுக்குப் பரவாயில்லை. என்.சி. லாக்கருக்கு வேண்டாம். அதோட மோட்டார்ல பொறி வரும். தின்னர் ஆவி சாதாரண அறைச் சூட்டுலயே தீப்பிடிக்கக் கூடியது. அதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்லை.

கப் மேல இருக்கணுமா, கீழ இருக்கணுமா? வீட்டுக் கதவு, கட்டில், அலமாரி வேலைக்கு மேல் கப் நல்லது. மெட்டீரியல் தானா இறங்கும், குறைஞ்ச காத்துல வேலை நடக்கும், கடைசிச் சொட்டு வரைக்கும் வரும். கீழ் கப் ஒரு லிட்டர் பிடிக்கும், ஆனா கை வலிக்கும், அடியில கொஞ்சம் தங்கும்.

நாசில் அளவு

பெட்டியில 1.3, 1.4, 1.8-னு மில்லிமீட்டர்ல போட்டிருப்பாங்க. அடிக்கப் போற மெட்டீரியல் எவ்வளவு கெட்டியோ, அதுக்கு ஏத்த துளை. ஸ்டெயின், அரக்கு மாதிரி தண்ணியா இருக்கிறதுக்கு 1.0 முதல் 1.2. என்.சி. லாக்கர், மெலமைன், பி.யு. கிளியருக்கு 1.3 அல்லது 1.4. சீலருக்கு 1.5-லிருந்து 1.8. பிரைமர் அடிக்கிறவங்க 1.8-க்கு மேல போகலாம். ஒரே ஒரு கன்தான் வாங்க முடியும்னா 1.4 வாங்குங்க. சீலரைக் கொஞ்சம் கூடுதலா தின்னர் கலந்து அதுலயே சமாளிக்கலாம்.

தின்னர் கலக்குறதைக் கண்ணளவுல பண்ணாதீங்க. பி4 கப்னு அடியில துளை வைச்ச ஒரு சின்னக் கிண்ணம் பெயிண்ட் கடையில கிடைக்கும். அதுல நிரப்பி, ஒழுகி முடிய எத்தனை விநாடின்னு எண்ணணும். டப்பாவில கம்பெனி போட்டிருக்கிற அளவுதான் முதல் கணக்கு. அது இல்லேன்னா லாக்கருக்கு 18-லிருந்து 22 விநாடிக்குள்ள ஆரம்பிச்சுப் பாருங்க. காத்து பத்தாத கம்ப்ரஸர்காரங்க தின்னரை அள்ளி ஊத்தி சமாளிக்கப் பார்ப்பாங்க, நானும் பார்த்தேன். பூச்சு மெலிசாகும், செங்குத்தா நிக்கிற பலகையில வழியும்.

இன்னொண்ணு, வடிகட்டுறது. நாங்க ரொம்ப நாளா பக்கத்துல சத்திரப்பட்டியில நெய்யிற பேண்டேஜ் துணியில வடிகட்டிட்டு இருந்தோம். காயத்துக்குக் கட்ட அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனா அதுலேர்ந்து ஒரு நூல் பிரிஞ்சு 1.4 துளையில போய் நின்னா அரை மணி நேரம் போச்சு. நைலான் வலை வைச்ச காகிதப் புனல் வாங்கிக்கங்க.

கடையிலேயே சோதிக்கிறது எப்படி?

விலை குறைஞ்ச கன்னுல பிரச்சினை என்னன்னா, ஒரே மாடல்ல ஒண்ணு அருமையா இருக்கும், பக்கத்துப் பெட்டியில இருக்கிறது கோணலா இருக்கும். அதனால மாடலைவிட கையில இருக்கிற அந்த ஒரு கன் முக்கியம். கடையில கம்ப்ரஸர் இருந்தா, "அண்ணாச்சி, தண்ணி ஊத்தி ஒரு தடவை அடிச்சுப் பாத்துக்கிறேன்"னு கேளுங்க. கோவிச்சுக்க மாட்டாங்க.

முதல்ல கையில வாங்கி, நாசிலும் நீடிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான்னு பாருங்க. ஏர் கேப்பைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சு, துளைகள் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, பிசிறு இல்லாம இருக்கான்னு பாருங்க. டிரிகரை அழுத்தி விட்டா நீடில் மாட்டாம திரும்பணும்.

அப்புறம் தண்ணி சோதனை. ஏர் கேப்பைத் திருப்பி விசிறி படுக்கையா வர்ற மாதிரி வைச்சு, ஒரு அட்டை மேல கையை நகர்த்தாம அடிங்க. தண்ணி ஒழுக ஆரம்பிக்கிற வரைக்கும் விடுங்க. ஒழுகுற கோடுகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஏறக்குறைய ஒரே நீளத்துல இருந்தா நல்ல கன். ஒரு பக்கம் மட்டும் நீளமா ஒழுகினா கேப்பை அரைச் சுத்து திருப்பி மறுபடி அடிங்க. நீளமான பக்கம் இடம் மாறினா கோளாறு கேப்புல. மாறலேன்னா நாசில்ல. ரெண்டுல எதுவானாலும் அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்க.

முடிச்சதும் கடைசிக் கேள்வி: "இதுக்கு நாசில் செட்டும் வாஷரும் தனியாக் கிடைக்குமா?" இல்லைன்னா அந்தக் கன் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் தண்ணி ஈரம் போக தின்னர் விட்டுக் கழுவிடுங்க.

கன்னைத் தவிர

ஓஸைப் பாருங்க. மெல்லிசான, நீளமான ஓஸ்ல வரும்போதே பிரஷர் இறங்கிடும். 8 மில்லிமீட்டர் உள்துளை இருந்தா நல்லது. பிரஷரை டேங்க் பக்கத்துல பார்க்காம, கன் பக்கத்துல, டிரிகரை அழுத்திக்கிட்டே பாருங்க.

தண்ணி பிடிக்கிற ஃபில்டர் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில டேங்குக்குள்ள தண்ணி சேரும். அது லாக்கரோட வந்தா மீன்கண் மாதிரி குழி விழும். மழை ஈரத்துல லாக்கர் பால் பூத்த மாதிரி வெளுக்கவும் செய்யும். அதுக்கு ஃபில்டர் மட்டும் பத்தாது, ரிடார்டர் தின்னர் வேணும், இல்லேன்னா வெயில் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். தினமும் வேலை முடிஞ்சதும் டேங்க் அடியில இருக்கிற வால்வைத் திறந்து விடுங்க.

இனி நான் கண்டிப்பா சொல்ல வேண்டியது மாஸ்க். கர்ச்சீப் கட்டுறது, துணி மாஸ்க் போடுறது, ரெண்டும் தின்னர் ஆவியை நிறுத்தாது. ரெண்டு பக்கமும் கரி வடிகட்டி வைச்ச ரெஸ்பிரேட்டர் வேணும், முன்னாடி துகள் தடுக்கிற வடிகட்டியோட. ரெண்டு டப்பா கலக்குற பி.யு. அடிக்கிறவங்க அது இல்லாம டிரிகர்ல கை வைக்காதீங்க. அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. ஒரு தடவை ஒத்துக்காம போய் ஆஸ்துமா வந்துட்டா, அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். எனக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணன் இப்ப ஸ்ப்ரே பக்கமே வர்றதில்லை. அவருக்கு ராத்திரியில இருமல். அந்தக் காலத்துல யாரும் அவருக்குச் சொல்லல. உங்களுக்கு நான் சொல்லிட்டேன்.

சுருக்கமா

வாங்குற வரிசை இதுதான். முதல்ல உங்க கம்ப்ரஸர் எத்தனை எச்.பி.-ன்னு பாருங்க. 1 எச்.பி.-னா எல்.வி.எல்.பி. அல்லது அதே அளவு காத்து கேக்குற சின்ன மேல் கப் கன். 2 எச்.பி.-னா 5, 6 சி.எஃப்.எம். கேக்குற கன் வரைக்கும் போகலாம். 3 எச்.பி. இருந்தா எச்.வி.எல்.பி. வாங்குங்க, மெட்டீரியல் மிச்சமாகும். அடுத்து மெட்டீரியலுக்கு ஏத்த நாசில். அதுக்கப்புறம் கடையில தண்ணி சோதனை. பேரும் விலையும் கடைசியில. கன்ல மிச்சம் பிடிக்கிற காசு மாஸ்க்குக்கும் ஃபில்டருக்கும்.

டீச்சரம்மா வீட்டுக் கதவு என்னாச்சுன்னு கேட்டா, மூணையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, என் செலவுல திரும்ப அடிச்சேன். புதுசா வாங்கின சின்னக் கன், அதே பழைய கம்ப்ரஸர். அந்த மறு வேலைக்கு ஆன லாக்கரும் கூலியும் சேர்த்தா ரெண்டு கன்னோட விலைக்கு மேல போயிடுச்சு. முடிச்ச அன்னைக்கு அவங்ககிட்ட போய், "அன்னைக்குத் தூசின்னு சொன்னேன் டீச்சர், தூசி இல்ல, என் கணக்குதான் தப்பு"ன்னு சொன்னேன். சிரிச்சுட்டு, "கணக்குல தப்பு வந்தா அழிச்சுட்டுத் திரும்பப் போடணும், அதைத்தானே பண்ணியிருக்கே"ன்னாங்க. ஆவணியில நல்லபடியா குடி போனாங்க.

உங்க கம்ப்ரஸர் எத்தனை எச்.பி., டேங்க் எத்தனை லிட்டர், எதை அடிக்கப் போறீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.